தூக்குக்குண்டு சாயும் பக்கம்

பதினொரு வருடமாக அந்தக் கட்டுமானக் கம்பெனியின் தூக்குக்குண்டுகள் நேராகத் தொங்குவதில்லை. சுவர் நேராக எழுகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டுதான். கடையில் ஒழுங்காகத் தொங்கும். கம்பெனி ஆள் கைக்கு வந்ததும் இரண்டு விரல் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டித் தெருவின் மூன்றாவது வீட்டைப் பார்க்கும். காற்று என்றார்கள், காந்தம் என்றார்கள், ஒருவர் பூமியையே குறை சொன்னார். அந்த வீட்டில் கம்பெனியின் பழைய மேற்பார்வையாளர் இருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

அவருக்குப் பட்டப் பெயரே தூக்குக்குண்டு. சாய்வைக் கண்ணாலேயே சொல்வார். விரல் கணுவால் தட்டிப் பார்த்துச் சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று சொல்வார். எழுதுகிற பழக்கம் மட்டும் கிடையாது. தங்கையைக் கட்டிய இன்ஜினியரோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கி இருபது வருடம் வெயிலில் நின்றவர். தங்கை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். மணல் கிடைக்காமல் ஊரே திண்டாடிய வருடத்தில் மாப்பிள்ளை ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தார். என்ன வேலை, யார் செய்தது, எப்போது முடிந்தது, எல்லாவற்றையும் அவரவர் போனிலேயே பதிய வேண்டும், எல்லோரும் பார்க்கலாம். கொத்தனார்கள்கூட ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். இவருக்கோ எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்தது. தங்கைதான், "நீங்க போன்ல சொல்லுங்கண்ணா, நான் போட்டுடுறேன்" என்றாள். கூடப் பிறந்தவளே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? தினமும் மாலை ஆறு மணிக்கு, சைட்டில் கைகால் கழுவிவிட்டுக் கூப்பிடுவார். எந்தச் சுவரைப் பூசலாம், எதைத் தொடக்கூடாது, எந்தக் கம்பியை மாற்றச் சொன்னோம் என்று ஒன்று விடாமல் சொல்வார். அவள் ம் கொட்டிக்கொண்டே தட்டுவாள். இப்படி எட்டு மாதம் போனது.

அப்போது ஒரு பெரிய பள்ளிக்கூடக் கட்டிடம் கைக்கு வருவதாக இருந்தது. அதைத் தருகிறவர்கள், உங்கள் கம்பெனியில் யார் என்ன செய்கிறார்கள் என்று சாஃப்ட்வேரில் காட்டுங்கள் என்றார்கள். மாப்பிள்ளை இவரை அலுவலகத்துக்கு வரவழைத்துத் திரையைத் திருப்பினார்.

"பாருங்க மச்சான். எட்டு மாசத்துல உங்க பேர்ல ஒரு வேலைகூட இல்லை. நான் சொல்லலை, இதுதான் சொல்லுது."

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கிழக்குச் சுவர் உள்ளே தண்ணி குடிச்சிருக்கு, நாலு நாள் பொறுங்க. அவர் சொன்ன சொல் அப்படியே இருந்தது. கீழே செய்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயர். முதல் வாரம் தெரியாமல் போட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். இருநூற்றுப் பதினாறு தடவை அந்தச் சாஃப்ட்வேர் யார் செய்தது என்று கேட்டிருக்கிறது, பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்திருக்கிறது, இருநூற்றுப் பதினாறு தடவையும் அவள் புருஷன் பெயரைத்தான் தொட்டிருக்கிறாள். புருஷன் பெயர் மேலே வந்தால் வீட்டுக்கு நல்லது என்று நினைத்தாளாம். அண்ணன் எங்கே பார்க்கப் போகிறார் என்றும் நினைத்தாளாம். நல்ல நினைப்பு! அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பிரிண்டரில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை செய்ததை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தங்கை செய்ததை முடியவில்லை. சைட் சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் சாஃப்ட்வேரிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டார்கள். அந்த நிமிடமே நாலு சைட்டிலும் குண்டுகள் சாய்ந்தன.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் ஆளுயரம் வந்த பிறகுதான், அது மூன்றாவது வீட்டுப் பக்கம் குனிந்து நிற்பது தெரிந்தது. இடித்துக் கட்டினார்கள், மறுபடி குனிந்தது. லேசர் கருவி வாங்கினார்கள். அதன் சிவப்புக் கோடும் அந்தப் பக்கமே சாய்ந்தது. கடைசியில் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஒரே ஒரு தடவை சைட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். அவர் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அதுல யார் பேரைப் போட்டியோ, அவரையே கூட்டிட்டுப் போய்க் காட்டும்மா."

அவள் தம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது கழுத்துச் சங்கிலியின் பதக்கம் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் கையால் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவர் அதற்குப் பிறகு ஒரு சைட்டுக்கும் போகவில்லை. கம்பெனியும் மூடப்படவில்லை. சாஃப்ட்வேரில் சாய்வு என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். குண்டு எத்தனை விரல் சாய்கிறதோ அத்தனையைக் கழித்தால் சுவர் நேராக எழுகிறது. கொத்தனார்களுக்கு இப்போது கிழக்கு, மேற்கு மாதிரி தூக்குக்குண்டு என்பதும் ஒரு திசை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தைத் தினமும் நிரப்புவது தங்கைதான். தூக்குக்குண்டு பக்கம் இரண்டு விரல் என்று போடுகிறாள். அந்த இடத்தில் வேறு பெயரைப் போட்டால் சுவர் விழும் என்பதால் ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை. பதக்கத்தை ஊக்கு குத்தி ரவிக்கையோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். மாலை ஆறு மணிக்கு மட்டும் ஊக்கு தானாகக் கழன்றுகொள்ளும். அவள் போனை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டு வேலையைத் தொடருவாள்.