பின் சீட்டிலிருந்து ஒரு குரல்

கால்நடை டாக்டரம்மாவின் காரைப் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தினார். டாக்டரம்மா ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார்.

"லைசென்ஸ் குடுங்கம்மா."

"போடா, மூஞ்சியப் பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காவலரின் முகம் சிவந்தது. டாக்டரம்மா கையை அசைக்கவில்லை.

"சார், அது வைத்தியத்துக்கு வந்த கிளி. கூண்டு மேல துணி போட்டிருக்கேன், நீங்களே விலக்கிப் பாருங்க. லைசென்ஸ் கைப்பையில இருக்கு, எடுக்கட்டுமா?"

"எடுங்க" என்றபடி அவர் பின்கதவைத் திறந்து துணியை விலக்கினார். கிளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னது.

காவலரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லைசென்ஸைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பிரேக் லைட் எரியல, இன்னைக்கே மாத்திடுங்க. இதுக்கும் கொஞ்சம் மரியாதை சொல்லிக் குடுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன் சார். என்னையும் போடான்னுதான் கூப்பிடுது."