மேல்வரியைப் படிக்கும் சாலை

எங்கள் மாவட்டத்தில், இங்கே கவுண்டி என்பார்கள், சாலைகள் காலையில் பலகையைப் படித்துவிட்டுத்தான் புறப்படும். எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்குப் போய்ச் சேரும். அயர்லாந்தில் பலகை ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் இரண்டு வரியாக இருக்கும். மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே நிமிர்ந்த எழுத்தில் இங்கிலீஷ். புதிதாகப் போட்ட அகலச் சாலைகள் கீழ்வரியைப் படிக்கும். புதர்வேலிகளுக்கு நடுவே வளைந்து போகிற பழைய சாலைகளுக்கு மேல்வரி மட்டும்தான் படிக்கத் தெரியும். வயதான சாலைகள் என்பதால் பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் தமிழ் மட்டும்தான் படித்தேன், அதுவும் எட்டாம் வகுப்பு வரை.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து மகள் ஜெசிந்தாவோடு வந்து இருந்துகொண்டேன். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் ததேயுவும் நர்ஸ்தான். குளூனகோர் என்ற ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் அவனுக்கு வேலை. தினமும் எங்கள் முக்கில் தொடங்கும் பழைய சாலையில் காரில் போவான். கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். இத்தனை வயசாகியும் குனிந்து காட்டுவான்.

பக்கத்து வீட்டில் பிரைடி இருந்தாள். என் வயதுதான், அவளும் தனிக்கட்டை. சாயங்காலம் இரண்டு பேரும் ஜெபமாலை சொல்லுவோம். அருள் நிறைந்த மரியே என்ற மந்திரத்தில் முதல் பாதியை அவள் ஐரிஷில் சொல்லுவாள், மீதியை நான் தமிழில் சொல்லி முடிப்பேன். மாதாவுக்கு அதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. பலகையின் மேல்வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் பிரைடிதான். குளூன் ந கோர். கொக்கு நிற்கிற புல்தரை என்று அர்த்தமாம்.

மேல்வரி இனி வேண்டுமா என்று முடிவு செய்யக் கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கவுன்சிலில் இருக்கும் டோலன் எழுந்து பேசினார். நல்ல மனிதர், கோவிலில் காணிக்கைத் தட்டு எடுப்பவர்.

"இரண்டு வரியைப் படிப்பதற்குள் வண்டி பலகையைத் தாண்டிவிடுகிறது. அந்த மொழியில் இப்போது யார் பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிறார்கள்?"

"நான் கேட்கிறேன் டோலன்," என்றாள் பிரைடி. "உன் அம்மாவிடம்தான் கேட்பேன். இல்லை என்று அவள் அதே மொழியில் சொல்லுவாள்."

எல்லாரும் சிரித்தார்கள். டோலனின் அம்மாவும் சிரித்தாள்.

"அப்போது பழைய சாலைகள் என்ன செய்யும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"கற்றுக்கொள்ளட்டும்," என்றார் டோலன். "நாம் எல்லாரும் கற்றுக்கொள்ளவில்லையா?"

இந்தப் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். ஓட்டும் அப்படித்தான் போடுவார்கள். எடுத்துவிடலாம் என்பவர்கள் விரலைத் தூக்கினார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் கவுன்சில் வேலைக்காரர்கள் வந்தார்கள். ததேயு காலை டூட்டிக்குப் புறப்பட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பின்னால் சவ வண்டியும் போயிருந்தது. அதில் பிரைடியின் அக்கா நெல், குளூனகோர் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிரைடி கறுப்புத் தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றதில் பிந்திவிட்டாள். வேலைக்காரர்கள் மேல்வரியைக் கழற்றி, துணியில் சுற்றிப் புல்லில் படுக்க வைத்தார்கள். சாலை பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது, அதற்குத் தெரிந்தது எதுவும் பலகையில் இல்லை.

மத்தியானம் ததேயு போன் பண்ணினான்.

"அம்மா, இன்னும் போய்ச் சேரல்லே."

"என்ன மக்ளே, டயர் போச்சா?"

"ஒண்ணும் போவல்லே. ரோடு வந்துட்டே இருக்கு. ஒரே மாடு நாலு வேலியிலயும் நிக்குது."

"திரும்பி வா."

"திரும்பியும் பாத்தாச்சும்மா. நம்ம ஊரும் வரல்லே."

எங்கே போகிறோம் என்று தெரியாத சாலைக்கு எங்கிருந்து வந்தோம் என்பதும் மறந்துபோகும். அவனுக்கு முன்னால் பால் லாரி ஒன்று, பின்னால் சவ வண்டி, சாவுக்கு வந்தவர்களின் கார்கள். பசிக்கவில்லையா என்று கேட்டேன். சாவு வீட்டுச் சாண்ட்விச் இருக்கிறது என்றான். பெட்ரோல் தீர்ந்துவிடாதா என்றதற்கு, "எங்கேயும் போவாத வண்டிக்கு பெட்ரோல் எதுக்கும்மா" என்றான். சரிதான்.

குளூனகோருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுச் சாலை உண்டு. இல்லத்தில் வேறு நர்ஸை வைத்துவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பிரைடி பங்குச் சாமியாரிடம் போனாள். அடக்கம் நடக்காதவளுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அவர் கேட்டார். பிரைடி தொப்பியைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் கழற்றவில்லை.

மீன்குழம்பு வைத்து, பாத்திரத்தைச் சாலையின் தொடக்கத்தில் இறக்கி வைப்பேன். அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வளைவில் மறையும். போகும், சேராது. சேரவில்லை என்று தெரிந்தும் நான் வைத்தேன்.

பிறகு நானும் பிரைடியும் முக்கில் நின்று ஜெபமாலை சொன்னோம். ஒவ்வொரு மணிக்கும் ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"சாலைக்குக் கண்தான் உண்டு ரெஜினா," என்றாள் பிரைடி. "காது கிடையாது."

அவள் சாக்பீஸ் எடுத்துப் பலகையில் பெயரை ஐரிஷில் எழுதினாள். எடுத்துவிடத் தீர்மானம் ஆன மொழி பலகையில் ஒட்டாது. எழுத்து தூளாக அவள் காலணியில் விழுந்தது. தமிழைப் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை. நான் வாங்கி எழுதினேன். கொக்கு நிற்கிற புல்தரை. ஒட்டியது.

சாலை நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பது தெரிந்தது. அப்புறம் மெதுவாக உடம்பைத் தெற்கே திருப்பியது. வேலிகளில் இருந்த பறவைகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

போன் வந்தது. "அம்மா, உப்புக் காத்து அடிக்குது."

"வலது கைப்பக்கம் பாரு. என்ன தெரியுது?"

"தண்ணி தெரியுது. நம்ம காயல் மாதிரி இருக்கு. ஒத்தைக் கால்ல ஒரு கொக்கு நிக்குதும்மா."

பிரைடிக்குச் சொன்னேன். "அக்காவை அங்கேயே அடக்கம் செய்யட்டும்," என்றாள். "கொக்கு கொக்குதானே."

அதற்குள் டோலன் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "சின்ன கவுண்டி, அம்மா. ஒரு மொழிக்கு மேல் தாங்காது." அங்கேயே, முக்கிலேயே, போகிற வருகிறவர்களை நிறுத்திக் கூட்டம் நடத்தினார். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் விரல்கள் எழும்பின. தமிழும் தீர்மானத்தில் சேர்ந்தது. என் எழுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கொக்குதான் கடைசியாக விழுந்தது.

"அம்மா, கடலைக் காணல்லே," என்றான் ததேயு. "மாடு வந்துட்டு."

அவன் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. சாலையில் இருப்பவர்களைக் கூட்டி, எங்கள் ஊருக்கு ஒரு பலகை செய்து நட்டான். மேல்வரி ஒட்டாது என்பதால் கீழ்வரி மட்டும் வைத்தான். சாலைக்கு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான்.

"ரோட்டுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கேன்மா. மூணு எழுத்து வந்துட்டு."

"அடிக்காமச் சொல்லிக்கொடு மக்ளே. வயசான ரோடு."

ஊர்ப்பெயர் முழுக்கப் படித்துவிட்டால் சாலை எங்கள் முக்குக்கு வந்துவிடும். அவன் படுக்கையை உதறி விரித்து வைத்தேன். பலகையில் பாதி எழுத்து முடிந்தபோது எங்கள் பக்கம் லேசாகப் பால் வாசனைகூட வந்தது. லாரியாக இருக்கும் என்றாள் பிரைடி.

ஆனால் சாலையில் இருப்பவர்கள் எல்லாரும் அவனைப் போல இல்லை. "எங்கள் பெயரை அவர்கள் எடுத்தார்கள், அவர்கள் பெயர் மட்டும் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். இங்கிலீஷ் வரி இனி வேண்டுமா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் ஓட்டிக்கொண்டே இருப்பதால் ஓரிடத்தில் கூட முடியாது. சவ வண்டி ஓட்டும் மலாக்கி எதிர்த்திசையில் வந்து எண்ணுவதாக ஏற்பாடு. மெதுவாகப் போகிற வண்டி அது ஒன்றுதான். எடுத்துவிடலாம் என்பவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்க வேண்டும். ஒருவர் தூக்கினாலும் பாதி பாதி என்ற கணக்கு உடைந்துவிடும் என்றான் ததேயு. அவ்வளவு நெருக்கம்.

"கையைத் தூக்காதே மக்ளே."

"நான் தூக்குவேனாம்மா? ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு இருக்கேன்."

"போனை வைக்காதே."

"வைக்கல்லே."

பிரைடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போனை மேசையில் வைத்து இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். டயர் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவன் குரல் தாழ்ந்தது.

"வண்டி வருது. கண்ணாடி வழியா பெட்டி தெரியுது. பூ எல்லாம் வாடல்லேம்மா, அப்பிடியே இருக்கு."

பிரைடி எழுந்து நின்றாள். அக்காவின் பெட்டி கடந்து போகிறது அல்லவா. அவள் நெற்றியில் சிலுவை போட்டாள். நானும் போட்டேன். எங்கள் ஊரிலும் இங்கேயும் சவப்பெட்டி கடந்து போனால் அப்படித்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கும் அதைத்தான் பழக்கியிருக்கிறேன்.

போனில் சட்டைக் கை உரசும் சத்தம் கேட்டது.

"பிதா, சுதன்," என்று ததேயு முணுமுணுத்தான். அப்புறம் நிறுத்திவிட்டான்.

சவ வண்டியின் கண்ணாடி இறங்குவதும், மலாக்கி மரியாதையான குரலில் ஒரு எண்ணைச் சொல்வதும் கேட்டது. அவனுக்குப் பின்னால் வந்த காருக்கு அடுத்த எண்ணைச் சொன்னார். அதற்குப் பின்னாலும் அப்படியே. கையைத் தூக்காதவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் நல்ல வளர்ப்பு.

"அம்மா, சிலுவை போட்டுட்டேன்."

"போடாம இருக்க முடியுமா மக்ளே."

"மிச்சத்தையும் சொல்லி முடிச்சிரட்டா?"

"முடி."

"பரிசுத்த ஆவியின்," என்றான். ஆமென் வரவில்லை. அதன் பிறகு அவன் போன் அடிக்கவே இல்லை. நானே ஆமென் சொன்னேன். பிரைடியும் அவள் பாஷையில் சொன்னாள்.

மறுநாள் காலை முக்குக்குப் போனேன். இரண்டு முனையிலும் படிக்கத் தெரிந்த பெயர் இல்லாத சாலையைச் சுருட்டிவிடுவார்கள். பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, பலகைக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்று டோலனிடம் கேட்டேன். யாரும் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைத்த அளவு கனமில்லை. ஒரு முனையைப் பிரைடி பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன்.

ததேயுவின் அறையில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறேன். நடுவில் தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும். சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது சில நாள் உள்ளிருந்து ஹாரன் கேட்கும். பிரைடி அதற்காக மாலையின் ஒரு மணியில் நிறுத்துவாள், பிறகு தொடருவாள்.

இந்த நாட்டில் மழை விடுவதில்லை. அறையில் ஈர வாடை அடிக்கிறது, ஒரு வெயில் நாளில் காயப் போடுங்கம்மா என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று வெளிச்சம் வந்தது. நானும் பிரைடியும் அதைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப் போய், கயிற்றை அவிழ்த்து, துணி காயும் கொடியில் விரித்தோம். உள்ளே இருப்பவர்கள் விழுந்துவிடாமல் இரண்டு முனையிலும் கிளிப் போட்டோம்.