பேனரில் இரண்டு பெயர்

“தெரு முனையில பேனர் வைக்கணும். ‘மனைவி அன்புசெல்வி, மகள் தேவிப்பிரியா’ன்னு அதுல போடணும். வெச்சுட்டுக் கூப்புடுங்க. அப்புறம் பேசலாம்.”

அன்புசெல்வி சொல்லி முடித்தாள். வைத்திலிங்கம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவி வசந்தா, காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் மூத்த மகன் புருஷோத்தமனைப் பார்த்தாள். அந்த வீட்டில் அன்புசெல்வியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது அவள் அம்மா கொளஞ்சி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். “இன்னா வேணா கேளு. உறவு மட்டும் கேக்காத. அந்த வாசல்ல அது கெடைக்காது, அசிங்கம்தான் கெடைக்கும்.” கொளஞ்சிக்கு அந்த வாசல் தெரியும். புதுச்சேரிக் கடலோரத்து வைத்திக்குப்பத்திலிருந்து உழவர்கரை வரை கூடையோடு வந்து, இதே கேட்டுக்கு வெளியே குந்திப் பல வருஷம் மீன் ஆய்ந்து கொடுத்தவள். வஞ்சிரம் வீட்டுக்குள் போகும், கொளஞ்சி போனதில்லை. தண்ணீர் கேட்டால் சொம்பு வராது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் வரும், அதையும் திருப்பி வாங்கமாட்டார்கள்.

அந்தக் கொளஞ்சியின் மகளை, அவர்கள் பரம்பரையிலேயே முதலில் டிகிரி வாங்கியவளை, இந்த வீட்டு இரண்டாவது பிள்ளை முகிலன் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. விஷயம் தெரிந்தும் இந்த வீடு வெளியே மூச்சு விடவில்லை. சாதி மட்டும் காரணமில்லை. புருஷோத்தமன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டி பாரிசுக்குப் போனவன். தம்பிக்கும் அப்படி ஒரு ‘நேஷனாலிட்டி பொண்ணு’ பார்த்து வைத்திருந்தார்கள். மில் வேலையோடு நின்றுபோன வைத்திலிங்கத்துக்கு, இன்னொரு பிள்ளையும் விமானம் ஏறினால்தான் தெருவில் தலை நிமிரும். அதனால் முகிலன் குப்பத்தில் குடித்தனம் நடத்தி, பெண் குழந்தையும் பிறந்த பிறகும், தெருவைப் பொறுத்தவரை அவன் வெளியூரில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பையன்.

விழுப்புரம் ரோட்டில் லாரி மோதி அவன் செத்தபோது, உடலை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, சித்தப்பா மகன், அவனுடைய மச்சான் வரை பெயர் இருந்தது. மனைவி இல்லை. மகள் இல்லை. அன்புசெல்வியின் இடுப்பிலிருந்த குழந்தை பேனர் படத்தைக் காட்டி “அப்பா” என்றது. எதிர் மளிகைக் கடை மண்ணாங்கட்டி, “யாரும்மா நீ? புள்ளையத் தூக்கிக்கினு அந்தாண்ட போ” என்றார். சாக்கடை ஓரமாக நின்றுதான் அன்புசெல்வி புருஷனை வழியனுப்பினாள். அன்று நின்ற இடம் அவள் உள்ளங்காலில் இன்னும் சுட்டது.

மூன்று வருஷம் கழித்து இப்போது அந்த வீட்டுக் கார் சாக்லேட் டப்பாவோடு குப்பத்துக்குள் வந்தது. புருஷோத்தமனுக்கும் அவன் மனைவி கலைவாணிக்கும் குழந்தை இல்லை. தம்பி மகளைத் தத்தெடுத்து பாரிசுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்குப் பதில் சொல்லத்தான் அன்புசெல்வி வந்திருந்தாள்.

“அங்க அக்ரெமான் வாங்கியாச்சும்மா,” என்றான் புருஷோத்தமன். “புள்ள வளக்க நாங்க தகுதின்னு அரசாங்கம் குடுக்கற அனுமதி. வூட்டுக்கு வந்து பாத்தாங்க, மனநல டாக்டர் ஒக்கார வெச்சு கேள்வி கேட்டாரு. ஒரு வருஷம் அலைஞ்சோம். இப்ப ஃபைலு டெல்லிக்கு வந்து, இங்க விசாரணைக்கு வந்துடுச்சு. ஒரு மேடம் வருவாங்க. பாப்பா நெஜமாவே எந் தம்பி பொண்ணுதானான்னு பாப்பாங்க. உன் சம்மதம் வேணும். பாப்பாவையும் கேப்பாங்க.”

“தெருவுல கேப்பாங்களா?”

“கேப்பாங்க.”

“கேட்டா, உங்க தம்பி கல்யாணமே ஆவாம செத்தாருன்னுதான சொல்லுவாங்க?”

புருஷோத்தமன் அம்மாவைப் பார்த்தான். வசந்தா குறுக்கே வந்தாள். “இத்தினி நாளு கழிச்சு பேரு போட்டா ஊரு சிரிக்காது? யார ஏமாத்துனீங்கன்னு கேக்கமாட்டாங்க?”

“கேப்பாங்க. பதில் சொல்லுங்க.”

“கவிச்சி வாயி. பேச்சப் பாரு.”

“வசந்தா, சும்மா இரு.” வைத்திலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். “பேனர் வெச்சா நமக்கும்தான் நல்லது. நெனவு நாளு வருது. வெச்சுடுவோம்.”

வைத்தார்கள். முகிலன் கழுத்தில் மாலையோடு சிரிக்க, ‘மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி’க்குக் கீழே முதல் வரியிலேயே இரண்டு பெயர்களும் இருந்தன. அன்று இரவு கலைவாணி பாரிசிலிருந்து வீடியோவில் அழைத்தாள். அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. அன்புசெல்வி போனைத் திருப்பித் தூங்கும் மகளைக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைவாணி சொன்னாள்: “கவலப்படாதம்மா. இங்க வந்துட்டா அந்தக் குப்பத்துப் பழக்கமெல்லாம் போயிடும். குளிப்பாட்டி எடுத்தாப்புல ஆக்கிடுவேன்.”

அன்புசெல்வி, “சரிங்க,” என்று போனை வைத்தாள்.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சரிதா என்ற அதிகாரி உழவர்கரை வீட்டுக்கு வந்த அன்று, வசந்தா தேவிப்பிரியாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். குழந்தை நெளிந்தது.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” அன்புசெல்வியைக் காட்டிக் கேட்டாள் சரிதா.

“எம் மருமவதாம்மா. எங்க சின்னவன் பொண்டாட்டி. இது எம் பேத்தி, அவன் ரத்தம்.”

“அப்புறம் ஏன் தனியா இருக்காங்க?”

“அம்மா வூடுதான் வசதின்னு அவளே போயிட்டா. நாங்க தங்கமாதான் வெச்சிருந்தோம்.”

அடுத்து மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “இந்தப் பொண்ண முன்னாடியே தெரியுமா?” என்றாள் சரிதா.

“தெரியாமயா? மருமவப் பொண்ணு. பேனர்லயே போட்டிருக்குதே.”

“பேனருக்கு முன்னாடி?”

மண்ணாங்கட்டி வைத்திலிங்கத்தைப் பார்த்தார். “முன்னாடியும் மருமவதாம்மா,” என்றார்.

சரிதா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, “இவங்ககிட்ட தனியாப் பேசணும். நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள்.

“வேணாம் மேடம். இருக்கட்டும். எனக்கு ஒளிச்சுப் பேச ஒண்ணுமில்ல,” என்றாள் அன்புசெல்வி.

சரிதா யோசித்தாள். நிதானமாகச் சொன்னாள்: “தத்துக் குடுத்துட்டா சட்டப்படி இந்தக் கொழந்த அவங்க கொழந்த. உங்களுக்கு அம்மாங்கற உரிமை இருக்காது. யாரும் உங்கள வற்புறுத்தக் கூடாது, ஆசை காட்டக் கூடாது. உங்களுக்கு முழுச் சம்மதமா?”

“இல்ல.”

வசந்தாவின் கை தளர்ந்தது. தேவிப்பிரியா வழுக்கி இறங்கி அம்மாவிடம் ஓடிவந்தாள்.

“நீதான பேனர் வைக்கச் சொன்ன,” என்று எழுந்தான் புருஷோத்தமன்.

“பேனர் வைக்கச் சொன்னேன். குடுக்கறேன்னு எப்ப சொன்னேன்? அப்புறம் பேசலாம்னேன். பேசிட்டேன்.”

“பாவி, பாரிசுல படிக்க வேண்டிய புள்ளய மீன்கூடைப் பக்கத்துல ஒக்கார வைக்கிறியே,” என்றாள் வசந்தா.

“நான் மீன்கூடைப் பக்கத்துல ஒக்காந்துதான் அத்தை டிகிரி வாங்குனேன்.” அந்த வீட்டில் முதல்முறையாக அவளை அத்தை என்று கூப்பிட்டாள். வசந்தாவால் மறுக்க முடியவில்லை, அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க சொன்னதெல்லாம் எழுதிட்டீங்கல்ல மேடம்?”

“எழுதிட்டேன்.”

“அது இருக்கட்டும். நாளைக்கு எம் பொண்ணு அப்பன் யாருன்னு எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டாள். இது இன்றைக்கு எடுத்த முடிவில்லை. சாக்லேட் டப்பா வந்த அன்றே எடுத்தது. கலைவாணியின் கண்ணீர் அதைக் கொஞ்சம் அசைத்தது. கலைவாணியின் வார்த்தை திரும்ப நட்டு வைத்தது.

சரிதா முன்னால் போய்விட்டாள். மகளின் கையைப் பிடித்து அன்புசெல்வி கேட்டைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் வசந்தாவின் குரல் கேட்டது. “யோவ் மண்ணாங்கட்டி, அந்தப் பேனர மொதல்ல அவுத்துப் போடு.”

மண்ணாங்கட்டி கடையிலிருந்து கத்தியோடு ஓடினார். பேனருக்கு நேர்கீழே சரிதாவின் ஸ்கூட்டர் நின்றது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரிதா அவரையே பார்த்தாள். கயிறு வரை போன கை நின்றது. கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டு அவர் கடைக்குத் திரும்பினார்.

“அம்மா, இதுல எம் பேரு இருக்கு,” என்றாள் தேவிப்பிரியா.

“இருக்குதுல்ல? சத்தமாப் படிச்சிக்கினே வா. தெருவுக்குக் கேக்கட்டும்.”