மதினி கிண்டிய லேகியம்

எங்கள் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை இல்லை என்றால் முதலில் கவலைப்படுகிறவன் அவள் புருஷன் அல்ல, அண்ணன். மருமக்கள்வழிக் குடும்பங்களில் அதுதான் நியாயம். ஆணுடைய வயலும் வீடும் அவன் பெற்ற பிள்ளைக்குப் போகாது. அவன் உடன்பிறந்தாள் பெற்ற பிள்ளைக்குப் போகும். என் அண்ணன் பொன்னுலிங்கத்துக்கு மூன்று பையன்கள் இருந்தும் வாரிசு கிடையாது. நான் பெற்றுத் தர வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷமாக நான் பெறவில்லை.

ஆகவே மாசம் தவறாமல் லேகியம் வந்தது. வைத்தியரிடம் சரக்கு வாங்குவது அண்ணன். அதை இடித்துக் கிண்டி, சின்னப் பரணியில் அடைத்து, வண்டி கட்டிக் கொண்டுவந்து தருவது அண்ணன் பெண்டாட்டி, என் மதினி இசக்கி. தீட்டுக் குளித்த மூன்றாம் நாளிலிருந்து ஏழு நாள், காலையில் நெல்லிக்காய் அளவு. அந்தக் கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் நாக்கில் நிற்கும். அப்புறம் நாள் எண்ணுவேன். ஒரு நாள் தள்ளினால் போதும், பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிடுவேன். மறுநாள் பின்கட்டில் ஒதுங்கிப் பழந்துணி தேட வேண்டியிருக்கும். எதிர்பார்ப்பதும் ஒரு வேலைதான். நெல் குத்தினால் தோள் வலிக்கிறதே, அப்படி இதற்கும் வலிக்கும்.

தாயில்லாத எனக்கு மதினிதான் தாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் மாமியார் அந்த ஆறு வருஷமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் மகளுக்கு நாலு பிள்ளைகள், வாரிசுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்றில் சர்க்கார் சட்டம் போட்டது. மருமக்கள்வழி போயிற்று, இனி அப்பன் சொத்து பெற்ற பிள்ளைக்கு. அண்ணன் வீட்டு லேகியம் அந்த மாசமே நின்றது. மாமியார் வீட்டுக் கஷாயம் அடுத்த மாசம் தொடங்கியது. என் வயிறு இருந்த இடத்திலேதான் இருந்தது, கேட்கிற ஆள்தான் மாறிப்போயிற்று.

கஷாயம் குடித்து மூன்று மாசம் ஆனதும் மாமியார் தவணை வைத்தாள்.

"கும்பப்பூ அறுப்பு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் இல்லேன்னா தேரூர்ல ஒரு பொண்ணு இருக்கு. எனக்க மவனுக்கும் ஒரு பிள்ளை வேண்டாமா?"

என் புருஷன் நாராயணபெருமாள் பக்கத்தில் இருந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "அம்மை சொல்லுகது..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லுக்கு அப்போதுதான் நாற்றுப் பாவியிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. தேரூர்க்காரி வரட்டும், அவளும் கொஞ்ச நாள் கஷாயம் குடிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளை எனக்கு வேண்டும். எவருடைய வயலுக்காகவும் அல்ல. என் மடியில் ஒன்று கிடந்து காலை உதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரமே மதினி வந்தாள், கையில் பரணி இல்லாமல். நான் அடுக்களையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அருகே வந்து உட்கார்ந்தாள்.

"தேரூர்ல பொண்ணு பாக்காவளாமே, உள்ளதா?"

"உள்ளதுதான் மைனி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வேண்டாம்னு சொல்லு மக்கா. உனக்கு ஒரு கொறையும் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும். வைத்தியர் சரக்கு ஒரு மாசமும் அதுல கிடையாது. பப்பாளி விதையும் எள்ளும் இடிச்சுக் கிண்டினேன். கரு நிக்கப்படாதுன்னு. உனக்கு ஒரு பய பிறந்தா எனக்க மூணு பயக்களும் தெருவுலதானே நிக்கணும்? இப்போ சட்டம் வந்துட்டு. இனி நீ எத்தனை வேணும்னாலும் பெறு."

ஆடு நனைகிறதே என்று ஆறு வருஷமாக ஓநாய் அழுதிருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோஷம். வெட்கக்கேடுதான், என்ன செய்ய? குறை என்னிடத்தில் இல்லை! அவள் காலில் விழுந்துவிடுவேன் போலிருந்தது. அப்புறம்தான் அந்த மாசங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, நான் பெயர் வைத்த மாசங்கள். கையிலிருந்த புளியை அவள் முகத்தில் எறிந்தேன். அவள் துடைக்கவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதே. வெட்டிப் போட்டுருவாரு."

"அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்க அத்தைகிட்ட நீங்க சொல்லணும். இப்பவே."

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனாள். அங்கே மாமியார் எனக்கான கஷாயத்தை அடுப்பில் வற்ற வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சங் கழித்து, பானையை உரக்குழியில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

மாமியார் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தேரூருக்கு ஆள் விட்டு வேண்டாம்னு சொல்லுகேன். ஒரு வருஷம் போட்டும். மருந்தும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். நீ சோறு தின்னுட்டுக் கிட." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, இவளை என்ன செய்ய?"

"சோறு போடுங்க. வண்டியில வந்த அலுப்பு இருக்கும். நீங்களே விளம்புங்க. எனக்குக் கை வராது."

பாயை விரித்துப் பட்டப்பகலில் படுத்தேன். யாரும் எழுப்பவில்லை. பப்பாளி விதை என் பிள்ளையைத் தடுத்தது என்று மதினி நம்புகிறாள். மாமியாரும் நம்பிவிட்டாள். தடுக்க அங்கே ஒன்று இருந்ததா என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. இனி மறுபடியும் நாள் எண்ண வேண்டும், ஒன்றிலிருந்து.