பிடிகொடுக்காத எண்

அம்மாவின் தையல் மெஷினில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதில் 2029039 என்று பொறித்திருக்கும். அது பகா எண்தானா என்று பார்ப்பதுதான் அக்காவுக்கும் தங்கைக்கும் சின்ன வயதில் விளையாட்டு. துணி வெட்ட வைத்திருக்கும் அளவுக் காகிதத்தில் சாக்கட்டியால் மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போவார்கள். எதற்கும் அது பிடிகொடுக்கவில்லை. "ரெண்டும் என் சாக்கட்டியைத் தின்னே தீர்க்குதுங்க" என்று அம்மா கத்துவாள்.

ஆயிரத்தைத் தாண்டுவதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதன் பிறகு போனை எடுத்ததும் அக்காவின் முதல் கேள்வி, "எதுவரைக்கும் வந்திருக்கே?"

"இன்னும் மசியலக்கா" என்பாள் தங்கை. அப்புறம்தான் மற்ற கதையெல்லாம்.

இப்போது அம்மா இல்லை. மெஷினைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போக இருவரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தகட்டுக்கு வந்ததும் அக்கா சாவகாசமாகச் சொன்னாள்: "ஆயிரத்துப் பதிமூணால வகுபடும்டீ."

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணமான புதுசுலயே. சொல்லியிருந்தா, அப்புறம் என்னத்தைக் கேட்டுப் பேச ஆரம்பிக்கிறது?"

"அடிப்பாவி! அதுக்குத்தானே நானும் வாயைத் திறக்கல!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு தங்கை, "வகுத்தா ரெண்டாயிரத்து மூணு வருது. அது பகா எண்ணான்னு பாக்க வேண்டாமா?" என்றாள்.

ஆயிரம் வரை எதற்கும் பிடிகொடுக்காத எண்ணின் துண்டு மட்டும் பிடிகொடுத்துவிடுமா? பார்க்கவே வேண்டியதில்லை என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன? அவள் மெஷின் இழுப்பறையைத் திறந்து சாக்கட்டியைத் தேடி எடுத்தாள்.

"சரி, மூணுலேருந்து ஆரம்பி."