அபூசாலி ஏறிவந்த சீட்

தட்டை ஸ்குரூட்ரைவரைச் சீட்டின் ஓரத்தில் செருகி மேனுஜா நெம்பிய ஒவ்வொரு இரும்புப் பின்னும் துருவேறி, பாதியிலேயே உடைந்து வந்தது. சுற்றிவரக் கிளப்பி உறையை உரித்தெடுத்தபோது, சாய்ந்தமருதுக் கடற்கரையில் கொஞ்சம் அவளுடைய ஹோலுக்குள் கொட்டியது. மணல், சிப்பித்தூள், எந்தப் பிள்ளையுடையதோ ஒரு முடிக் கிளிப். ஸ்பொஞ்சை இரண்டு கையாலும் அமுக்கினாள். அது குடித்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் பெற்றோல் மணத்தோடு பேசினுக்குள் வழிந்தது. அபாயா தைக்கிறவள் வீட்டில் கறுப்புத் துணி கிடக்கும், ஒட்டுகிற கண்ணாடிக் கல் கிடக்கும். பிள்ளைகள் ‘கடல் பைக்’ என்று கூப்பிடுகிற ஜெட் ஸ்கியின் சீட் கிடக்கிற தையல் வீடு கல்முனைப் பக்கம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த அவளுடைய புருஷன் அபூசாலி, மர வாங்கின் மேல் கிடந்த சீட்டைப் பார்க்காதது மாதிரிப் பார்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி நடந்து உள்ளே போனார். அவர் நல்ல பருத்த மனிதர். அந்தச் சின்ன இடைவெளியில் சுவரோடு ஒட்டி நடப்பது அவருக்குப் பெரிய பாடு. ஆனாலும் சீட்டின் மேல் கைபடாமல் போய்ச் சேர்ந்தார்.

“இதக் கொண்டுபோய்க் குசினிக்குப் பின்னால வெச்சுச் செய்ய ஏலாதா?”

“பின்னால வெச்சா பூனை கிடந்து பிராண்டும்.”

பஸார் ஹார்ட்வெயார் கடையில் ஆணி வாங்க வருகிறவனிடமும் அரை மணித்தியாலம் கதைக்கிற மனிதர், இந்தச் சீட்டைப் பற்றி மட்டும் கதைப்பதேயில்லை.

நடந்தது ஊருக்கே தெரியும். அபூசாலி சொல்கிற கதையும் ஊருக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. வாடைக் காற்று முடிந்தும் கடல் முழுதாக அடங்காத ஒரு பின்னேரம், புருஷனும் பெண்சாதியுமாகப் பாயும் தேத்தண்ணிப் போத்தலுமாய்க் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் பந்து அலையில் போய்விட்டது. பிள்ளை அழுதது. “இந்தா, மாமா எடுத்துத் தாறன்” என்று அபூசாலி பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். பந்து தன்பாட்டில் கரைக்குத் திரும்பி வந்துவிட்டது. அபூசாலியைத்தான் காணவில்லை.

மேனுஜா பாயில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். நீலச் சேட் தெரிந்தது, பிறகு வெறும் தண்ணீர். மறுபடி தெரிந்தது, மறுபடி வெறும் தண்ணீர். அப்போதுதான் மருதமுனைப் பொடியன் றுமைஸ், சவாரிக்கு ஏற்றியிருந்த சோடியைக் கரையில் இறக்கிவிட்டு, பொத்துவில் பக்கம் பழசாய் வாங்கின அந்தக் கடல் பைக் மெஷினைத் திருப்பிக்கொண்டு போனான். அவ்வளவு பெரிய உடம்பை அவன் எப்படி ஏற்றினான் என்பது இன்றைக்கும் அவளுக்கு விளங்கவில்லை.

அபூசாலியின் கதை வேறு. “நான் கரையப் பாத்து நீந்திட்டுத்தான் வந்தன். அவன் பக்கத்துல வந்து, கூடப்பொறந்த தம்பி மாதிரி, ஏறுங்க காக்கா எண்டான். ஆசையாக் கூப்புர்றான், புள்ளட மனச உடைப்பானே எண்டு ஏறினன்.” கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி, சின்ன வயதில் பாலத்திலிருந்து குதித்த கதைக்குத் தாவிவிடுவார்.

மேனுஜா அந்தக் கதையை ஒருநாளும் மறுத்ததில்லை. மனிதர் உயிரோடு இருந்து பொய் சொல்கிறார், சொல்லட்டுமே. கறிக்கு உப்புக் காணாது என்று அவர் முறைக்கும்போதும், குறட்டையில் யன்னல் அதிரும்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போகும். முறைக்க ஒரு ஆள் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நன்றி சொல்லி ஷுக்ருக்கு இரண்டு றக்அத் தொழுதாள், ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தாள். படைத்தவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் றுமைஸுக்கு? அவள் சொன்னாள். சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. முச்சக்கர வண்டி வழிவிட்டாலும் ஜஸாகல்லாஹ், தண்ணீர்க் கோப்பையை நீட்டினாலும் ஜஸாகல்லாஹ் என்று நன்றி சொல்கிற மனிதர், றுமைஸைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கத்துக்கு ரோட்டைக் கடக்கிறார். அதுதான் அவளைத் தின்றது. அவரைத் திருப்பித் தந்தவனுக்கு அவர் முகத்தைக் காட்டாமல் திரிவது, கிடைத்த உயிரைக் களவில் வைத்திருக்கிற மாதிரி அவளுக்குப் பட்டது.

அன்றைக்கு நனைந்த அவருடைய பெல்ட்டைத் துடைத்து வைக்கும்போது அதன் பக்கிளில் நீல றெக்சின் கிழிசல் ஒன்று சிக்கியிருந்ததைக் கண்டாள். அடுத்த முறை கடற்கரையில் றுமைஸின் சீட்டைப் பார்த்தாள். முன்னிலிருந்து பின்வரைக்கும் கிழிந்து, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, மூத்த அக்காவைச் சமாளிப்பதுபோல், “பழைய சீட்தானே ராத்தா, வெயிலுக்குக் கிழிஞ்சது” என்றான். புளுகுவதில் அவனும் அபூசாலிக்குக் குறைந்தவனில்லை. “கழட்டித் தாங்க தம்பி, நான் தச்சுத் தாறன்” என்று அவள் பிடிவாதமாய் நின்றாள். அவன் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது அபூசாலி குளியலறைக்குள் போய், அவன் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வேலை அவள் நினைத்த மாதிரி இருக்கவில்லை. துணி சொன்னதைக் கேட்கும், றெக்சின் கேட்காது. பழைய உறையைப் பிரித்து அளவு வைத்து வெட்டினாள். இரட்டை மடிப்பு வந்த இடத்தில் ஊசி உடைந்தது. தடித்த ஊசி போட்டு, மோட்டரை நிறுத்திவிட்டு, தையல் மெஷினின் சில்லைக் கையால் உருட்டி உருட்டித் தைத்தாள். அபாயா நூல் உப்பில் இற்றுவிடும் என்று வலைக் கடையில் நைலோன் நூல் வாங்கினாள். ஸ்பொஞ் மதிலில் நாள்கணக்காய்க் காய்ந்தும் ஓரிடம் உதிர்ந்தது. அதை வெட்டியெறிந்துவிட்டு, செற்றியின் குஷன் ஒன்றைப் பிரித்து ஒட்டினாள். பக்கத்து வீட்டு ஹப்ஸா எட்டிப் பார்த்து, “என்னடி இது, குதிரச் சேணமா?” என்றாள். மேனுஜா வாயெடுக்குமுன் உள்ளேயிருந்து அபூசாலியின் குரல் வந்தது. “ஓடர் ஒண்டு. இப்ப இப்புடியும் ஓடர் வருகுது.” ஹப்ஸா கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அவளும் அன்றைக்குக் கடற்கரையில் நின்றவள்தான்.

அது ஒரு பின்னேரம். உறை தைத்து முடிந்திருந்தது. சீட்டை வாங்கில் நீட்டி வைத்து, தூசி படாமல் ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். அஸர் தொழுதுவிட்டு வந்த அபூசாலி வாசலில் அப்படியே நின்றார்.

“என்ன வேல இது? வெள்ளத் துணி போத்தி ஹோலுக்க மையித்தக் கிடத்தின மாதிரி.”

மேனுஜா நூலைப் பல்லால் கடித்தாள். நிமிரவில்லை.

“ஓம். உங்களக் கிடத்தத்தான் இருந்திச்சு. இதே வாங்குலதான்.”

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ அருகில் வந்து, அந்த வெள்ளைத் துணியைத் தன் கையாலேயே இழுத்து ஒரு பக்கம் வைத்தார்.

“இன்னும் என்ன மிச்சம் இதுல?”

“பின் அடிக்கணும். அதுக்கு முதல் ரெண்டு பேர் இருந்து பாக்கணும். புதுசா ஒட்டின இடம் குத்துதா எண்டு தெரியா.”

“யாரு ரெண்டு பேர்?”

“இஞ்ச வேற யாரு இருக்கா? நான் முன்னால, நீங்க பின்னால.”

அவர் மறுக்கவில்லை. மேனுஜா ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஹப்ஸா கண்டால் அடுத்த பெருநாள்வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். மெக்ஸியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வெட்கமும் சிரிப்புமாய் முன்னால் ஏறி இருந்தாள். பின்னால் அபூசாலி ஏறினார். வாங்கு முனகியது.

“குத்துதா?”

இரண்டு கைகள் அவளுடைய இடுப்பைச் சுற்றி வந்து முன்னால் பூட்டிக்கொண்டன. புருஷன் பெண்சாதியைப் பிடிக்கிற பிடி அல்ல அது. விரல்கள் விலாவில் பதிந்து வலித்தது. அவருடைய நெற்றி அவள் தோளில் வந்து விழுந்தது, அந்தப் பெரிய உடம்பு முழுக்க நடுங்கியது.

“இப்புடித்தான் புடிச்சன்” என்றார். “இறுக்கிப் புடிங்க காக்கா, இறுக்கிப் புடிங்க எண்டு கத்தினான். என்ட நகம் பட்டு அவன்ட வகுத்துல ரெத்தம், மேனுஜா. அந்தப் புள்ள ஒண்டும் சொல்லல்ல.”

அவள் பின்னால் சாய்ந்து அவருக்கு முதுகைக் கொடுத்தாள்.

“முதல் தரம் ஏத்தக்குள்ள கை வழுகிட்டு. நான் தண்ணிக்குள்ள தாண்டு போனன். சரி, ஹயாத் இவ்வளவுதான் எண்டு நினச்சிட்டன். அவன் ஒருக்காத் தூக்கிப் பாத்தவன்தானே, போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டாங்க. அவன் திரும்பி வந்தான்.” மூச்சு வாங்கினார். “எனக்கு நீந்தத் தெரியா.”

“தெரியும். நான் பாத்துட்டுத்தானே இருந்தன்.”

அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, முதுகால்தான் கேட்டாள். பூட்டியிருந்த கைகளின் மேல் தன் கைகளை வைத்தாள். யா அல்லாஹ், இந்தக் கையின் சூட்டை எனக்குத் திருப்பித் தந்தாயே என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுக்கம் அடங்கும் வரைக்கும் இருவரும் எங்கும் போகாத அந்தச் சீட்டில் அப்படியே இருந்தார்கள்.

“குத்துதா?” என்று மறுபடி கேட்டாள்.

“இல்ல. நல்லாயிருக்கு.”

அடுத்த நாள் கடையிலிருந்து துருப்பிடிக்காத பின் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவள் அடிக்கப் போனபோது, “நீ உடு, உனக்குக் கையில பலம் காணா” என்று பறித்தார். உறையை முழங்காலால் அழுத்தி, சுருக்கம் விழாமல் இழுத்து, ஒவ்வொரு பின்னாகத் தானே அடித்தார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சீட்டை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். றுமைஸ் மெஷினைத் தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். அபூசாலி சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார். தோணியடியில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் குரல் கொடுத்தான்.

“என்ன காக்கா, இண்டைக்கும் நீந்தப் போறீங்களா?”

சிரிப்பு எழும்பியது. மேனுஜா கரையிலேயே நின்றாள். பாலக் கதை வரப்போகிறது என்று காத்திருந்தாள். அபூசாலி கட்டியிருந்த சாரத்தோடு தண்ணீரில் இறங்கி, சீட்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். அது டக்கென்று பூட்டிக்கொண்டது. பிறகு தோணிப் பக்கம் திரும்பினார்.

“அண்டைக்கும் நான் நீந்தல்ல தம்பி. தாண்டு போனன். ரெண்டு தரம். இந்தப் புள்ளதான் என்னத் தூக்கினது.”

வலை மடித்த கைகள் நின்றன. அபூசாலி றுமைஸின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நாள் முழுக்க ஊருக்கு அள்ளி வீசுகிற அந்த ஜஸாகல்லாஹ், உதடுவரைக்கும் வந்து நின்றுகொண்டது. றுமைஸ் கூச்சத்தில் தலை குனிந்தான்.

“இருக்கட்டும் காக்கா. ராத்தா நல்லாத் தச்சிருக்கா. தண்ணி இறங்குதா பாப்பம்.”

அவன் இரண்டு கையாலும் கடலை அள்ளிச் சீட்டின் மேல் ஊற்றினான். தண்ணீர் நைலோன் தையலின் ஓரமாய் ஓடி, ஒரு சொட்டும் உள்ளே போகாமல் இரண்டு பக்கமும் வழிந்தது.

அபூசாலி இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துண்டை உருவினார். குனிந்து, சீட்டை முன்னாலிருந்து பின்னால்வரை துடைத்தார். லேஞ்சி நனைந்ததும் பிழிந்து உதறிவிட்டு, தையல் ஓடுகிற வளைவுகளில் விரலை வைத்து மறுபடி துடைத்தார். ஒவ்வொரு அலையும் மெஷினில் மோதிச் சீட்டின் மேல் தெறித்துக்கொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். றுமைஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் துடைத்து முடிக்கட்டும் என்று நின்றான்.