அடா அம்மாவின் கம்மல்

சூளகிரிப் பக்கத்துச் செல்போன் கம்பெனியில் முனிலட்சுமி ஏழு வருஷமாக நின்றுகொண்டே ஸ்குரூ முடுக்குகிறாள். கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது. லைனில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

லீவே போடாதவள் என்று மகளிர் தினப் பரிசுக்கு அவள் பெயர் வந்ததும், கூட நிற்கிற காவேரி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பெங்களூர்ல இருந்து பெரிய மேடமே வராங்களாமா. மைக்க குடுத்தா ஸ்டூலக் கேட்டுடு. வேற ஒண்ணும் பேசாத."

பரிசு ஒரு ஜோடிக் கம்மல். விஞ்ஞானத்திலும் கம்ப்யூட்டரிலும் பேர் வாங்கிய பெண்களின் முகம் பொறித்த கம்மல்களில் ஒன்று. இவளுக்கு வந்தது அடா என்கிற வெள்ளைக்காரம்மா. கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே அதற்குக் கணக்கு எழுதி வைத்தவராம். லைனுக்குள் பொட்டு உலோகம்கூடக் கூடாதென்று காதில் கிடந்ததைக் கழற்ற வைத்த கம்பெனிதான் கம்மல் கொடுக்கிறது. இதையெல்லாம் யார் யோசித்தார்கள்!

போட்டோவுக்காக மேடமே போட்டுவிட வேண்டுமாம். முனிலட்சுமிக்குக் காது தூர்ந்து போயிருந்தது. மற்ற பெண்கள் வீட்டில் துடைப்பக்குச்சி செருகிக் காப்பாற்றினார்கள்; இவளுக்கு அதற்கும் அலுப்பு. மேடம் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹெச்ஆர் ஹரீஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் இதிலேயே போய்விட்டால் மைக் எங்கே வரும்? கம்மலை வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு தானே அழுத்தினாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மைக் வந்தது. "மேடம், லைன்ல எங்களுக்கு ஸ்டூல் வேணுங்க. கால் தாங்கலைங்க."

"இந்தப் பெண்களெல்லாம் கஷ்டத்தைத் தாங்கித்தானே பெரிய ஆளானாங்க, லட்சுமி? அவங்கள நினைச்சுக்கங்க."

நினைத்துப் பார்த்தாள். கம்மலில் இருக்கிற அந்த அம்மா யாரோ, பாவம், அவர்மேல் இவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

"அவங்க கணக்கு எழுதுனது உக்காந்துக்கிட்டுதானுங்களே மேடம்?"

கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஹரீஷ்குமார் மைக்கை வாங்கி எல்லாருக்கும் நன்றி சொன்னான்.

மறுவாரம் லைன் சுவரில் பெரிய படம் ஒன்று வந்தது. அடா கம்மலோடு முனிலட்சுமி சிரிக்கிறாள். மாட்ட வந்தவன் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் கொண்டுவந்து இவள் பக்கத்திலேயே போட்டான். ஸ்குரூ முடுக்குவதை விட்டுவிட்டு அதையே பார்த்தாள். படம் மாட்டியதும் அவன் ஸ்டூலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.